பிணையாள் கேட்ட வாசகசாலை: மண்டபம் கரையில் ஓராண்டுச் சந்தா

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து வடகடல் பக்கமாகப் பிரியும் மண்சாலையொன்றின் ஓரத்தில், முன்பு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கறையாக இருந்த ஓட்டுக் கட்டடத்தில், தனியார் வாடகை நூலகம் ஒன்று நடந்துவருகிறது. அங்கே ஓராண்டுச் சந்தாவை முழுவதும் பயன்படுத்தி முடித்து, அடுத்த ஆண்டுக்கும் புதுப்பித்த பிறகு இதை எழுதுகிறேன். சேரலாமா என்று கேட்பவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது என்பது முதற்காரணம். அந்தப் பதில் இரண்டு வரியில் அடங்குவதாக இல்லை என்பது அடுத்த காரணம். நூலகத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இவ்வளவு அடையாளமே போதும்.

ஆண்டுச் சந்தா 900 ரூபாய். திருப்பித் தரப்படும் முன்பணம் 300 ரூபாய். ஒரு நேரத்தில் இரண்டு நூல்கள், 21 நாள் தவணை, தாமதமானால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய். இந்த வசதிக்காக மட்டும் யாரும் அங்கே போக வேண்டியதில்லை; அரசின் கிளை நூலகத்தில் இதைவிட மிகக் குறைந்த செலவில் இதைவிட அதிகமான நூல்கள் கிடைக்கும். அங்கே கொடுக்கும் காசுக்கு மதிப்புத் தருவது ‘கூட்டு வாசிப்பு’ என்று அவர்கள் அழைக்கும் ஏற்பாடுதான். மூன்று மாதத்துக்கு ஒரு நாவல் என்று எடுத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, நூலகத்தை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை அதை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். ஆங்கிலம் படிக்கக்கூடியவர்கள் மூலத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து வருவார்கள். கடைசி ஞாயிறு முழுக்க விவாதத்துக்கு. சென்ற ஆண்டு அவர்கள் எடுத்த பொருள், நிறத்தால் பிளவுண்ட சமூகத்தில் நீதியும் தனிமனித ஒழுக்கமும். மூன்று நாவல்கள். ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் முதல் கூட்டம் நடந்தது. 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடந்ததால், வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வரும் இடத்தில் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம்.

நூல்களின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடற்கரை நூலகங்களில் அதுதான் பாதிக் குறை. உப்புக்காற்றில் இரும்பு அலமாரிகளின் விளிம்பு செதில் செதிலாக உரிகிறது. வாடை வீசும் மாதங்களில் தாள்கள் ஈரம் குடித்து, பிரித்தால் ஒட்டுப்பிரியும் ஓசையோடுதான் பிரிகின்றன. ஆனாலும் அந்த ஆசிரியை ஒவ்வொரு தட்டிலும் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் வைத்து, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்தி, இராமபாணப் பூச்சியை ஏறக்குறைய ஒழித்திருக்கிறார். நான் எடுத்த இருபத்திரண்டு நூல்களில் ஒன்றே ஒன்றில்தான் பூச்சி துளைத்த பக்கங்கள் இருந்தன. பெரிய குறை பிரதிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. கூட்டு வாசிப்புக்கு எடுக்கும் நாவலுக்கு நான்கே பிரதிகள். முன்கூட்டிப் பெயர் எழுதிவைக்காவிட்டால் கடைசி அத்தியாயம் உங்கள் கைக்கு வரும்போது விவாதம் முடிந்திருக்கும்.

நான் 31 ஆண்டுகள் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். சாட்சிக்கூண்டுக்கும் நீதிபதியின் மேசைக்கும் நடுவில் உட்கார்ந்து வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவன் ஆகையால், நாவல்களில் வரும் நீதிமன்றக் காட்சிகளை நம்பிப் படிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. வழக்கறிஞர் உரத்த குரலில் பேசினால் கூட்டம் மலைத்துப்போகும், பொய்ச்சாட்சி கூண்டிலேயே உடைந்து அழுவான் என்றெல்லாம் எழுதுபவர்கள் ஒரு நாளாவது வாய்தாவுக்கு வந்து வராந்தாவில் காத்துக் கிடந்திருக்க வேண்டும். அந்த அவநம்பிக்கையோடுதான் முதல் நாவலை எடுத்தேன்: ஆலன் பேட்டன் எழுதி 1948-இல் வெளியான ‘க்ரை, த பிலவட் கன்ட்ரி’.

பேட்டன் தென்னாப்பிரிக்க வெள்ளையர். ஜோகன்னஸ்பர்க் அருகே டீப்க்ளூஃபில் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியை நடத்தியவர். குற்றம் செய்த பையன்களை ஆண்டுக்கணக்காக அருகிலிருந்து பார்த்தவர் என்பது எழுத்தில் தெரிகிறது. நட்டால் மலைப்பகுதியின் கிராமமொன்றில் போதகராக இருக்கும் ஸ்டீஃபன் குமாலோ, நகரத்துக்குப் போய்த் திரும்பாத மகன் அப்சலோமைத் தேடி ஜோகன்னஸ்பர்க் போகிறார். மகன் ஒரு வீட்டில் திருடப் போன இடத்தில் பயத்தில் சுட்டு, ஆர்தர் ஜார்விஸ் என்ற வெள்ளைக்காரனைக் கொன்றிருக்கிறான். கொல்லப்பட்டவனோ கறுப்பின மக்களுக்கு நீதி வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தவன். கூட்டத்தில் இந்த இடம் சொல்லப்பட்டபோது, என் பக்கத்தில் வலைப்பின்னும் ஊசியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த பாம்பன்காரர் ஒருவர், “விதியப் பாருங்க டீச்சர், நல்லவன் வீடாப் பாத்து நுழைஞ்சிருக்கான்” என்றார். எனக்கு அந்த இடமன்று, தீர்ப்பு வரும் அத்தியாயம்தான் நெஞ்சில் நின்றது. மூன்று பேர் சேர்ந்து போனார்கள். மற்ற இருவரும் நாங்கள் அங்கே இருக்கவேயில்லை என்று சாதிக்கிறார்கள். அப்சலோம் ஒருவன் மட்டும் நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்கிறான். பொய் சொன்ன இருவருக்கும் எதிராகப் போதிய சான்று இல்லாததால் விடுதலை. உண்மை சொன்னவனுக்குத் தூக்கு. நீதிபதி கெட்டவர் அல்லர், சட்டத்தையும் மீறவில்லை. இதைவிடச் சரியாக ஒரு நீதிமன்றத்தை நான் எந்தப் புனைகதையிலும் படித்ததில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டால் ஐயா இரங்குவார் என்று நம்பி, வக்கீல் தடுத்தும் கேளாமல், கூண்டில் ஏறித் தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டவர்களின் சொற்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன்.

நாவலின் பிற்பகுதியைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. கொல்லப்பட்டவனின் தந்தை, போதகரின் கிராமத்தை ஒட்டியே பண்ணை வைத்திருப்பவர், மகன் எழுதிவைத்த தாள்களைப் படித்து மனம் மாறி, கிராமத்துக் குழந்தைகளுக்குப் பால் அனுப்புகிறார், அணை கட்ட ஏற்பாடு செய்கிறார். மனிதர் ஒருவர் திருந்துவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலம் ஏன் அப்படி வறண்டது, 1913-ஆம் ஆண்டு நிலச்சட்டம் கறுப்பின மக்களை நாட்டின் எவ்வளவு சிறிய துண்டுக்குள் நெருக்கியது என்ற கணக்கு, பால் பாத்திரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. விவாதத்தில் இதைச் சொன்னேன். ஆசிரியை ஒப்பவில்லை, ஒருவன் தன் கையால் செய்யக்கூடியதைச் செய்வதை அற்பம் என்று தள்ளிவிட்டால், சட்டம் மாறும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வசதியாகிவிடும் என்றார். அன்றைக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு நாவலுக்கும் வரலாற்றுப் பின்னணியை விளக்கி எட்டுப் பக்கக் குறிப்பொன்றைத் தமிழில் தருகிறார்கள். உழைத்துத் தயாரித்தது, இனப் பதிவுச் சட்டமும் குடியிருப்புப் பகுதிகளைப் பிரிக்கும் சட்டமும் 1950-இல் வந்ததையும், அந்த இனப் பதிவை வைத்தே ஒருவன் எங்கே வசிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதையெல்லாம் அரசு தீர்மானித்ததையும் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி விளக்கியிருக்கிறார்கள். ஆனால் ஷார்ப்வில் துப்பாக்கிச்சூட்டை 1961 என்று அச்சிட்டிருக்கிறார்கள்; அது நடந்தது 1960 மார்ச் 21. கறுப்பினத்தவருக்கு அனுமதிப் புத்தகத்தைக் கட்டாயமாக்கிய பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேர் அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பது அரசே ஒப்புக்கொண்ட எண். சுட்டிக்காட்டிய பிறகும் அடுத்த படியெடுப்பில் அதே பிழை இருந்தது. பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களின் பிழைக்குக் காட்டும் கண்டிப்பைத் தங்கள் பிழைக்குக் காட்டுவதில்லை என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

அந்தக் குறிப்பில் தடித்த எழுத்தில் இருந்த ஆண்டு 1948: தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி தேர்தலில் வென்று, நிறவெறியை அரசுக் கொள்கையாக்கிய ஆண்டு. பேட்டனின் நாவல் வெளிவந்ததும் அதே ஆண்டின் தொடக்கத்தில். கூட்டத்துக்கு, இலங்கை அகதிகள் வாழும் மண்டபம் முகாமிலிருந்து நான்கைந்து பேர் வழக்கமாக வருவார்கள். அவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், இலங்கையின் மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர், தாளை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துப் படித்துவிட்டு, “எங்கட தோட்டத்துச் சனத்துக்கும் இந்த வருசம்தானே ஐயா” என்றார். உண்மை. இலங்கையின் குடியுரிமைச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு, தலைமுறைகளாகத் தேயிலை பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று மூட்டை எண்ணுவதுபோல் எண்ணினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத்தான் உள்நாட்டுக்குப் போனார்கள். அதற்கும் முன்பு, வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்ததும் அதே முகாமில்தான். 1983-க்குப் பிறகு வந்தவர்களைப் பற்றி இப்பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போக்குக்கும் வரவுக்கும் ஒரே வாசலாக இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நூலகம், 1948-ஐப் பற்றிக் குறிப்பு எழுதும்போது ஜோகன்னஸ்பர்க்கோடு நிறுத்திக்கொண்டது பெரிய விடுதல். அடுத்த நாவலுக்கான குறிப்பில் அந்தப் பெரியவரைக் கொண்டே ஒரு பக்கம் எழுதவைத்துச் சேர்த்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது நாவல் ஆந்த்ரே பிரிங்க்கின் ‘எ ட்ரை ஒயிட் சீஸன்’. 1979-இல் வந்தது. பிரிங்க் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் எழுதியவர், அதாவது ஆள்வோரின் மொழியிலேயே ஆள்வோரைக் குற்றம் சாட்டியவர். அம்மொழி நாவலொன்று முதன்முதலாகத் தடை செய்யப்பட்டது அவருடைய முந்தைய நூலொன்றுக்குத்தான். தடைக்காரர்கள் விழித்துக்கொள்வதற்குள் வாசகர் கைக்குப் போய்விட வேண்டும் என்பதற்காக, இந்த நாவலின் ஆஃப்ரிகான்ஸ் பதிப்பைக் கடைகளுக்கு அனுப்பாமல், டாரஸ் என்ற சிறு பதிப்பகத்தார் சந்தாதாரர்களுக்கு நேரடியாக அனுப்பிவைத்தார்கள். 900 ரூபாய் கட்டிவிட்டு இரண்டு நாள் தாமதத்துக்கு இரண்டு ரூபாய் கேட்கிறார்களே என்று முணுமுணுக்கும் சந்தாதாரனாகிய எனக்கு, சந்தா என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருந்திருக்கிறது என்பது புதிய செய்தி.

கதை ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியது. பென் டு டாய்ட் வெள்ளையர், அரசியல் அறியாதவர், சட்டத்தை நம்புபவர். அவர் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்த கார்டனின் மகன் 1976 சொவெட்டோ மாணவர் போராட்டத்தையொட்டிக் காவலில் இறக்கிறான். எப்படி இறந்தான் என்று விசாரிக்கப் போன தந்தையும் காவலில் இறக்கிறார். மரண விசாரணை நடக்கிறது. தற்கொலை, யாரும் பொறுப்பில்லை என்று முடிகிறது. அதன்பிறகு பென் ஒவ்வொரு சாட்சியிடமும் உறுதிமொழிப் பத்திரம் வாங்கித் தன் பட்டறைக் கருவிப்பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறார். நாவலின் பெரும்பகுதி இந்தத் தாள்களின் கதைதான். என் தொழிலில் கழிந்த ஆயுளை ஒருவர் இவ்வளவு பரபரப்பாக எழுத முடியும் என்று நான் நினைத்ததில்லை. அது வெறும் கற்பனையும் அன்று. 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் மரண விசாரணையிலும் யாரும் பொறுப்பில்லை என்றுதான் மாஜிஸ்திரேட் முடித்தார். 1971-இல் காவல்துறைக் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்ததாகச் சொல்லப்பட்ட அஹ்மத் டிமோல், இந்திய வம்சாவளிப் பள்ளி ஆசிரியர். தற்கொலை என்று 1972-இல் எழுதப்பட்ட முடிவை 2017-இல்தான் நீதிமன்றம் மாற்றி, அது கொலை என்று பதிவு செய்தது. 45 ஆண்டுகள் அந்தத் தாள்களை யாரோ கிழியாமல் வைத்திருந்தார்கள். நூலகக் குறிப்பில் டிமோலைப் பற்றி எழுதியிருந்த அரைப்பக்கம், ஆண்டு முழுவதும் அவர்கள் தந்த தாள்களில் சிறந்தது.

இந்த நாவல் நடந்துகொண்டிருந்தபோதுதான், கறுப்பின ஆண்களும் பின்னர் பெண்களும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தைப் பற்றிய பேச்சு வந்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, ‘டோம்பாஸ்’ என்று மக்கள் வெறுப்போடு அழைத்தது, 1986-இல்தான் ஒழிந்தது. எவ்வளவு கொடுமை என்று ஆளுக்கொரு பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தோம். முகாமிலிருந்து வரும் நடுத்தர வயதுப் பெண் ஒருவர், எல்லா வாரமும் வாசலை ஒட்டிய பாயில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுவிட்டுப் போகிறவர், எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, “குறை நினைக்காதேங்கோ டீச்சர், நாளைக்கு எங்களுக்கு செக்கிங். வெள்ளனவே போகோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதன்று; உண்மையாகவே மறுநாள் முகாமில் ஆள் சரிபார்ப்பு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். அங்கே சொந்த மண்ணில் அந்நியனாக்கிய சட்டம், இங்கே அடைக்கலம் தந்த அரசின் பதிவேடு. உதவித்தொகையும் அரிசியும் அந்தப் பதிவேட்டின்படிதான் வருகின்றன. 2021-இல் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். ஆனாலும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மண்சாலையில் இறங்கிப் போகும்வரை எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதே பெண்மணி உறுப்பினராகச் சேர விரும்பியபோதுதான் நூலகத்தின் உண்மையான குறை எனக்குத் தெரியவந்தது. கூட்டத்தில் உட்கார யாருக்கும் தடையில்லை; நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினராக வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது வரியில், முகாமில் வசிப்பவராயின் உள்ளூர்ப் பிணையாளின் பெயரும் கையொப்பமும் வேண்டும் என்று இருக்கிறது. நான் சேர்ந்தபோது அந்த வரியைக் கடந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குரியதன்று என்பதால் கண்ணில் படவில்லை. அவர் படிவத்தை என்னிடம் நீட்டி, “ஐயா ஒரு கையெழுத்துப் போடுவீங்களோ” என்று கேட்டார். பொறுப்பு அதிகபட்சம் ஒரு நூலின் விலை. ஜாமீன்தாரராக நின்று வீடு வாசல் இழந்தவர்களை நீதிமன்றத்தில் பார்த்துப் பார்த்து ஊறிய பயமோ, முகாம் விவகாரத்தில் நமக்கேன் என்ற எண்ணமோ, “யோசித்துச் சொல்கிறேன் அம்மா” என்றேன். “பரவாயில்லை ஐயா” என்று படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நாவலில் பென்னுக்கு அவருடைய மனைவியும் போதகரும் தலைமையாசிரியரும் சொல்லும் புத்திமதிகளைக் கேட்டு, என்ன மனிதர்கள் இவர்கள் என்று நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்றைய தேநீரில் கருப்பட்டி கூடுதலாக இருந்தது என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏழாவது வரி ஏன் இருக்கிறது என்று ஆசிரியையிடம் கேட்டதற்கு, அவர் சொன்ன காரணம் நியாயமாகவே ஒலித்தது: முகாமில் இருப்பவர்கள் வேறு முகாமுக்கு மாற்றப்படலாம், ஊருக்கே திரும்பிவிடலாம், தேடிப்போக முகவரி இல்லை. நியாயமாக ஒலிப்பவற்றைக் கணக்குப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது தொழில் தந்த பழக்கம். கடன் பேரேட்டை வாங்கி இரண்டு மாலை உட்கார்ந்து புரட்டினேன். ஆறு ஆண்டுகளில் திரும்பி வராத நூல்கள் பதினொன்று. அவற்றில் இரண்டு, இலங்கைக்குத் திரும்பிச் சென்ற குடும்பங்களோடு போனவை. மீதி ஒன்பதும் உள்ளூர்க்காரர்கள் வீட்டில் இருக்கின்றன; எல்லோருக்கும் முகவரி உண்டு, முகம் தெரிந்தவர்கள் என்பதாலேயே யாரும் போய்க் கேட்கவில்லை. அந்த ஒன்பதில் ஒன்று என் மைத்துனர் பெயரில் இருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு மனுவாகவே எழுதி, தேதியிட்டு, ஒப்புதல் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. எல்லோருக்கும் முன்பணம் மட்டும் போதும், பிணையாள் யாருக்கும் தேவையில்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டார்கள். இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதற்கு மதிப்பெண் குறைக்கிறேன். மாற்றியதற்கு அதைவிடக் கூடுதலாகச் சேர்க்கிறேன். மைத்துனரிடமிருந்து நூல் இன்னும் வரவில்லை.

மாறாத குறை ஒன்று உண்டு. ஜோகன்னஸ்பர்க்கைப் பற்றி எல்லோரும் தொண்டை திறந்து பேசுகிறோம். இறுதி விவாதத்தில் கல்லூரி மாணவர் ஒருவர், இதே மாவட்டத்தில் 1957-இல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதையும் முதுகுளத்தூர்ப் பகுதிக் கலவரத்தையும் எடுத்து, இங்கே நிறத்துக்குப் பதில் சாதி இருக்கிறதே, அதற்கு ஒரு நாவல் வரிசை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டார். இருபது பேர் இருந்த அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. ஆசிரியை சுக்குமல்லிக் காப்பியை ஊற்றத் தொடங்கிவிட்டார். அவரைக் குறை சொல்வது எளிது. எல்லாத் தரப்பினரும் ஒரே பாயில் உட்காரும் இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதிகமில்லை, அதைக் கலைத்துவிடக் கூடாது என்ற அச்சம் அவருக்கு. ஆனால் தூரத்து நெருப்பில் மட்டுமே குளிர்காயும் கூட்டத்துக்கு 900 ரூபாய் அதிகம் என்று அந்த மாணவர் நினைத்திருந்தால் அதில் தவறில்லை. அவர் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கவில்லை. நான் புதுப்பித்தேன், அந்த வரிசையை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது நாவலான ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. ஹார்ப்பர் லீ 1960-இல் எழுதியது. அமெரிக்கத் தென்மாநிலச் சிற்றூரில் பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பினத்தவருக்காக வெள்ளை வழக்கறிஞர் வாதாடும் கதை, பலரும் அறிந்தது. சிறுமியின் கண்ணால் சொல்லப்படும் பகுதிகளை ஆசிரியை மிக அழகாகத் தமிழில் சொன்னார், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வழக்கறிஞர்தான் எனக்குச் சற்று அதிகமாக நல்லவராகத் தெரிந்தார். கையெழுத்துக் கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார். அதனால் எனக்கு அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

போய் வருவதற்கான விவரங்கள்: இராமநாதபுரம், இராமேசுவரம் பேருந்துகளில் எல்லாமே அந்த நிறுத்தத்தில் நிற்பதில்லை, ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவிடுவது நல்லது. கழிப்பறை ஒன்றுதான், சுத்தமாக இருக்கிறது. பாயில் உட்கார முடியாத முதியவர்களுக்கு ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. கூட்டம் முடியும் ஆறு மணியை இப்போது ஐந்தரையாகக் குறைத்து, சரிபார்ப்புக்கு முந்தைய நாளில் விவாதம் வராதபடி நாட்காட்டியில் குறித்துவைக்கிறார்கள்.

படிவங்கள் மட்டும் பழையவைதான். ஒரே தடவையில் அச்சடித்துவிட்டதால் இன்னும் இருநூறுக்கு மேல் மீதி இருக்கின்றன, அவற்றை வீணாக்க மனமில்லை என்று ஆசிரியை சொன்னார். கொடுக்கும்போது ஏழாவது வரியை அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் அடித்துக் கொடுப்பது ஏற்பாடு. சென்ற மாதம் நான் புதுப்பிக்கப் போனபோது, அவசரத்தில் அடிக்காத படிவம் ஒன்று என் கைக்கு வந்தது. அடிக்கோலைக் கேட்டு வாங்கி, மேலே கிடந்த கட்டிலிருந்து ஐம்பது படிவங்களுக்கு உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். சந்தாவில் அதற்குத் தள்ளுபடி ஏதும் கிடைக்கவில்லை.